எண்பதடித் துணிக்கு இரண்டு பந்தல்

விருத்தாசலம் பெண் பார்க்கப் போன இடத்தில் கிருஷ்ணவேணி காப்பித் தம்ளரை நீட்டியபோது, "மொதல்ல உங்க வீட்டு ஆளு யாராச்சும் ஒரு வாய் குடிக்கட்டும்" என்று சொன்னவர். அப்படியும் கல்யாணம் நடந்தது. கிருஷ்ணவேணியே தம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைக் கையில் கொடுத்தாள். "இந்த ஆளோட குடித்தனம் பண்ணணும்னா இப்படித்தான் பண்ணணும்னு அன்னிக்கே புரிஞ்சுபோச்சு" என்று இன்றைக்கும் சொல்வாள்.

சந்தேகம் அவருக்கு வியாதி என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவன் எவனும் சொந்தக் கடை வைக்கவில்லை. விருத்தாசலம் வைத்தார். கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம், கேப்பையும் மல்லாட்டையும் தவிர வேறொன்றும் விளையாத ஊரில் பிறந்து, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிறத்தியார் பந்தலுக்குச் சவுக்குக் கம்பம் சுமந்தவர். தோளில் காய்த்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. 1993-ல் திண்டிவனத்தில் வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்து, 'விருத்தாசலம் பந்தல் அமைப்பகம்' என்று பலகை மாட்டினார். பலகை எழுதியவன் ஓர் எழுத்தை விட்டுவிடுவானோ என்று ஏணிக்குக் கீழேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துத்தான் இறங்க விட்டார். யார் கைப்பிடித்தும் மேலே வந்த ஆள் இல்லை அவர். பிடிக்க வந்த கையையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்த ஆள்.

பந்தல் தொழிலில் திருட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரும் கூலியாக இருந்து பார்த்தவர்தானே. முப்பதடிப் பந்தலைப் போட்டுவிட்டு, கூலிக்காக மேஸ்திரி முப்பத்தைந்து என்பான். டேப் பிடித்து அளந்தாலும் மறுமுனையில் நிற்கிறவன் கை ஒரு சாண் நகர்ந்தால் யார் பார்ப்பது? அதனால் அவர் நீள அகலமே கேட்பதில்லை. வேலை முடித்து வருகிற மேஸ்திரியிடம் இரண்டே கேள்வி: "சைடு துணி எத்தினி அடி? கூரை எத்தினி சதுரடி?" நீளத்திலும் அகலத்திலும் வாயால் பொய் சொல்லலாம். பக்கவாட்டில் சுற்றிக் கட்டின துணியும், கூரையில் வேய்ந்த கீற்றும் திரும்பக் குடோனுக்கு வந்தாக வேண்டும். அவற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அந்த இரண்டை வைத்துக்கொண்டு மீதியை அவர் மனசிலேயே கட்டிவிடுவார். "துணி நூறு அடி, கூரை அறுநூறு" என்றால் கண்ணை மூடுவார். நூறில் பாதி ஐம்பது. எந்த இரண்டைக் கூட்டினால் ஐம்பது, பெருக்கினால் அறுநூறு? கண்ணைத் திறக்கும்போது, "இருவதுக்கு முப்பது" என்பார். போய்ப் பார்த்தால் இருபதுக்கு முப்பதுதான் நிற்கும். காலேஜ் படித்த பையன்கள் போனை எடுத்துத் தட்டிப் பார்ப்பதற்குள் அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டிருப்பார். இந்த வித்தையை அவருக்கு எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. சந்தேகம்தான் சொல்லிக் கொடுத்தது.

அவரிடம் மேஸ்திரியாக நிலைத்தவன் ஒருத்தன்தான்: முண்டியம்பாக்கத்து நடராசன். மற்றவர்கள் ஒரு முகூர்த்த மாதம் தாங்கமாட்டார்கள். நடராசன் பதினைந்து வருஷம் தாங்கினான். குடோன் சாவி அவன் இடுப்பில் இருந்தது. அதை நம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகப்பட்டுப் பார்த்துப் பார்த்து விருத்தாசலமே அலுத்துப்போன ஆள் அவன். வீட்டுக்கு வந்தால் கிருஷ்ணவேணி தட்டு வைப்பாள். மகள் அம்சவள்ளிக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். அவள் அவனைச் சித்தப்பா என்றே கூப்பிடுவாள்.

அப்படிப்பட்ட நடராசன் மேலேயே 2011-ல் சந்தேகம் விழுந்தது.

விழுப்புரத்தில் அடைக்கலராஜ் சார் வீட்டுக் கல்யாணம். ரிட்டயரான கணக்கு வாத்தியார். மகள் அக்னசுக்குக் காலையில் மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு, சாயங்காலம் வீட்டிலேயே வரவேற்பு. வீட்டுக்குப் பக்கத்தில் காலி இடம், அதை ஒட்டி ஒரு மண்டியின் நெடுஞ்சுவர். அந்தச் சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று பக்கமும் துணி கட்டி, மேலே கீற்று வேய்வதாக ஏற்பாடு. நடராசன் முதல் நாளே போய்ப் போட்டுவிட்டுப் போனில் சொன்னான்: "சைடு எம்பது, கூரை எழுநூத்தம்பதுண்ணே."

விருத்தாசலம் கண்ணை மூடினார். சுவருக்கு எதிரே வாசல் பக்கம் முப்பது என்று வைத்தால், மிச்சத் துணி ஐம்பது. இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு இருபத்தைந்து. முப்பதை இருபத்தைந்தால் பெருக்கினால் எழுநூற்றைம்பது. சரி. பந்தல் மனசில் நின்றுவிட்டது: முப்பதடி வாசல், இருபத்தைந்தடி ஆழம். இரண்டு வரிசை பந்தி தாராளமாகப் போடலாம்.

சாயங்காலம் மொய்க் கவரோடு அவர் போய் நின்றபோது அங்கே வேறு ஒரு பந்தல் நின்றது. ரயில் பெட்டி மாதிரி நீளம். ஆழம் ஒன்றும் இல்லை. சனங்கள் நாற்காலிக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனார்கள். விருத்தாசலம் வாசல் பக்கமாகப் பாதத்துக்குப் பாதம் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். ஐம்பது அடி. ஆழத்தை அளக்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் மனசில் துணி போட்டது முப்பதடி வாசலுக்கு. மிச்சம் இருபதடித் துணி எவனுடையது?

விழுப்புரத்தில் சுப்பராயலு என்று ஒருத்தன் புதிதாய்ப் பந்தல் கடை போட்டிருந்தான். நடராசனை அவன் இரண்டு தடவை டீக்கடையில் உட்காரவைத்துப் பேசினதாகக் காதில் விழுந்திருந்தது. ஊரான் துணியைத் தன் பந்தலில் சேர்த்துக் கட்டியிருந்தால், தன் சரக்கு வேறு எங்கேயோ கட்டியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் பட்பட்டென்று பொருந்தியது.

"நடராசா! இங்க வா."

நடராசன் பந்தி ஓரத்திலிருந்து வந்தான். "இன்னாண்ணே?"

"இது நம்ம பந்தலா?"

"நம்மதுதாண்ணே."

"சைடு எத்தினி சொன்ன?"

"எம்பது."

"எம்பது அடித் துணிக்கு ஏன் இவ்ளோ ஒல்லியா நிக்குது? வாசல் மட்டுமே அம்பது கீது. மனுசன் நிக்கிறதுக்குப் போட்டியா, ஒட்டடக் குச்சி நிக்கிறதுக்கா?"

நடராசன் வாயைத் திறந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த சனங்களைப் பார்த்தான். பாயசத் தூக்கோடு நின்ற சாரின் வீட்டம்மா அருள்ராணியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். "இப்படித்தான் போட வேண்டியதாப் போச்சுண்ணே. அப்புறமா சொல்றேன்."

அப்புறமா சொல்றேன் என்று எவன் சொன்னாலும் விருத்தாசலத்துக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. "அப்புறம் இன்னாடா சொல்லப்போற? சுப்பராயலு துணிய வாங்கி ஒட்டுப் போட்டேன்னா? என் சரக்க எங்க கட்டி வச்சிருக்க? பதினஞ்சு வருசம் சோறு தின்ன குடோன்லயே கை வச்சிட்டியேடா!"

பந்தியில் ஒருத்தர் கையும் வாய்க்குப் போகவில்லை. அங்கே சாரின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சம்பந்தி வீட்டார் இருந்தார்கள், நடராசனுக்குத் தெரிந்த முண்டியம்பாக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அவன் இடுப்பிலிருந்து குடோன் சாவியை அவிழ்த்து விருத்தாசலத்தின் சட்டைப் பையில் போட்டான். "பந்தலப் பிரிச்சு சரக்க எண்ணிக்கங்கண்ணே" என்றான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

மறுநாள் வேறு ஆட்கள் பிரித்துக்கொண்டு வந்தார்கள். விருத்தாசலம் துணியை ஒவ்வொரு மடிப்பாக விரித்தார். தன் துணியின் மூலையில் எல்லாம் சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பது அவர் வழக்கம். எண்பது அடி. எல்லாவற்றிலும் முடிச்சு இருந்தது. கீற்றும் சரியாக இருந்தது. வேறு ஆளாயிருந்தால் அப்பாடா என்றிருப்பான். அவர் மறுபடி முதல் மடிப்பிலிருந்து எண்ணினார். சரக்கு சரி, காலால் அளந்த வாசலும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கணக்குப் பிசகாத திருட்டு என்றால் அது பெரிய கை.

அன்றைக்கு மத்தியானம் மோர் ஊற்றுமுன்பே கையைக் கழுவிவிட்டார்.

"நடராசன் திருடுவானா?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள்.

"திருடமாட்டான்னு உனக்கு எவன் சொன்னான்?"

"பதினஞ்சு வருசமா நீதான் சொல்லிக்கினு கீற. 'தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் சிக்கலியே'ன்னு."

முகூர்த்த மாதம் எதிரே நின்றது. பெரிய பந்தல் ஒன்றுகூட நடராசன் இல்லாமல் நிமிராது. அதைவிட, அந்தச் சாவியை இனி யார் இடுப்பில் கட்டுவது? அது சட்டைப் பையில் கிடந்து நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அவன் திருடனா இல்லையா என்பது தெரிந்தாக வேண்டும்.

அம்சவள்ளி அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாவதுப் பிள்ளைகளுக்குக் குடோன் வாசலிலேயே டியூஷனும் எடுத்தாள். பிள்ளைகள் போனதும் அவர் போய்க் கரும்பலகைக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா, சுவத்த ஒட்டி மூணு பக்கம் துணி. எம்பது அடி. கூரை எழுநூத்தம்பது. பந்தல் எப்படி நிக்கும்?"

"எக்ஸ் ஆழம், ஒய் வாசல்னு வைங்கப்பா."

"அது எதுக்கு இங்கிலீசு பேரு? ஆழம்னா ஆழம்னே சொல்லு."

"சரி, ஆழம். ரெண்டு பக்கத்து ஆழமும் வாசலும் சேந்தா எம்பது. இது ஒரு சமன்பாடு. ஆழத்த வாசலால பெருக்கினா எழுநூத்தம்பது. இது இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணாத் தீக்கணும். வாசல்ங்கறது எம்பதுல ரெண்டு ஆழத்தக் கழிச்சது, இல்லியா? அதத் தூக்கிக்கினு போய் ரெண்டாவதுல வைக்கிறேன்." சாக்பீஸ் ஓடியது. "ரெண்டால வகுத்து, எல்லாத்தையும் ஒரே பக்கம் தள்ளிட்டேன். பாருங்க."

பலகையில் நின்றது: x² − 40x + 375 = 0.

"எனக்கு இது தெரியாது" என்றார் விருத்தாசலம், சந்தேகத்தோடு.

"உங்களுக்குத்தான் தெரியும். கூட்டினா நாப்பது, பெருக்கினா முந்நூத்தி எழுபத்தஞ்சு. எந்த ரெண்டு நம்பர்?"

அவர் கண்ணைக்கூட மூடவில்லை. "பதினஞ்சு, இருவத்தஞ்சு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "இதுல எது ஆழம்?"

"ரெண்டும்தான். ஆழம் இருவத்தஞ்சுன்னா வாசல் முப்பது. ஆழம் பதினஞ்சுன்னா வாசல் அம்பது. ரெண்டுக்கும் அதே துணி, அதே கீத்து."

விருத்தாசலம் விரலை மடக்கிப் பார்த்தார். பதினைந்தும் பதினைந்தும் முப்பது, ஐம்பதோடு எண்பது. பதினைந்தை ஐம்பதால் பெருக்கினால் எழுநூற்றைம்பது. மகளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கேள்விக்கு ஒருத்தன் ரெண்டு பதில் சொன்னா ஸ்டேஷன்ல பிடிச்சு உள்ள வைக்கிறான். உங்க பள்ளிக்கூடத்துல மார்க்கு போடறீங்களா?"

"ரெண்டும் சொன்னாத்தான் முழு மார்க்கு."

"முப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். எனக்கு ஒரு நாளும் ரெண்டு வந்ததில்லியே?"

"நாலு பக்கமும் துணின்னா அங்கயும் ரெண்டு வரும்ப்பா. இருவதுக்கு முப்பது, முப்பதுக்கு இருவது. ஆனா அது ஒரே பந்தலத் திருப்பிப் போட்டது. சுவத்துல ஒட்டினா அப்படி இல்ல. சுவர் ஒரு பக்கத்தத் தின்னுடுது. திருப்பினா வேற பந்தலாயிடுது. நீங்க மொதல்ல சிக்கினத எடுத்துக்கினு நின்னுட்டீங்க."

அவர் ஓரடி கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "நடராசன் போன் பண்ணானா?"

"ப்பா!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. உனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தவன். நீ யார் பக்கம்?"

அம்சவள்ளி டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். "உங்ககிட்ட கணக்குப் போடறதே பேஜாரு" என்றாள்.

பெற்ற மகளாயிருந்தாலும் ஒரே ஆள் வார்த்தையை அவர் எடுப்பதில்லை. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி விழுப்புரம் போனார். கடைசி சீட்டில்தான் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அவருக்கு ஆகாது. அடைக்கலராஜ் சார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் நடந்ததற்கு இன்னும் முகம் இறுகித்தான் இருந்தது.

"கயிறு ஒண்ணு விட்டுப்போச்சு, பாக்க வந்தேன் சார்" என்று ஆரம்பித்தார் விருத்தாசலம். எந்தக் கயிறும் விட்டுப்போகவில்லை. "அப்படியே ஒரு சந்தேகம். சொந்தக்காரன் ஒருத்தன் சுவத்த ஒட்டி ஆட்டுக்கு வேலி போடறான். கணக்கு பாத்தா ரெண்டு பதில் வருதாம். அப்படி வருமா சார்?"

"வர்க்கம் வந்தா ரெண்டு விடை வரத்தான் வரும்" என்றார் சார், பேப்பரை இறக்காமலே. "ஒண்ணத் தள்ளிடணும்."

விருத்தாசலத்தின் காது விடைத்தது. "தள்ளணுமா? எத சார்?"

"பொருந்தாதத. முப்பத்தஞ்சு வருசம் போர்டுல அதைத்தானே எழுதிக்கினு இருந்தேன்? 'ஏற்கத்தக்கதல்ல'ன்னு எழுதி அடிச்சிடணும்."

வேலி எத்தனை அடி என்று சார் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். தள்ள வேண்டிய பதில் ஒன்று உண்டு. நடராசன் போட்டது அந்தப் பதில். மகள் அதை மறைத்துவிட்டாள். முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் கேஸையே முடித்துவிட்டார்.

"தள்ளணுமாமே?" என்று வந்ததும் வராததுமாக மகளிடம் கேட்டார். "வாத்தியாரே சொல்றார்."

"மைனஸ்ல வந்தா தள்ளணும்ப்பா. மைனஸ் பத்தடி ஆழத்துக்குப் பந்தல் போட முடியாது, அதனால. பதினஞ்சு இன்னா மைனஸா? சாருகிட்ட நம்பர் சொன்னீங்களா?"

அவர் மடியில் வெற்றிலையைத் தேடினார்.

"சொல்லியிருக்க மாட்டீங்க. நம்பரச் சொன்னா அவர் யார்கிட்டயாவது சொல்லிடுவாரோன்னு பயம்." அவள் குடோனுக்குள் போய் ஒரு கயிற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காலடியில் போட்டாள். "என்ன நம்பாதீங்க, சார நம்பாதீங்க. இத நம்புங்க. நீங்களே அளந்து வெட்டுங்க, முளையும் நீங்களே அடிங்க. நான் ஒரு முனையக்கூடத் தொடமாட்டேன்."

அது அவருக்கு ஏற்ற பேச்சு. எண்பது அடிக் கயிறு வெட்டினார். குடோன் பின்சுவரில் ஓர் ஆணி அடித்து ஒரு முனையைக் கட்டினார். இருபத்தைந்தடி இழுத்து முளை அடித்தார், மடக்கினார், முப்பதில் மறுமுளை, மறுபடி சுவர். கயிறு கச்சிதமாக முடிந்தது. அதே கயிற்றை அவிழ்த்தார். பதினைந்தில் முளை, ஐம்பதில் மறுமுளை, சுவர். இதுவும் கச்சிதம். அடைக்கலராஜ் சார் வீட்டு ரயில் பெட்டி அப்படியே அவர் கொல்லையில் வந்து நின்றது.

வேறு ஆளாயிருந்தால் அதோடு விட்டிருப்பான். அவர் பத்தில் முளை அடித்துப் பார்த்தார். வாசல் அறுபது, கூரை அறுநூறு. முப்பதில் அடித்தார். வாசல் இருபது, கூரை மறுபடி அறுநூறு. இருபதில் அடித்தார். வாசல் நாற்பது, கூரை எண்ணூறு. இருபதைத் தாண்டினாலும் இறங்குகிறது, தாண்டாவிட்டாலும் இறங்குகிறது. வெயில் மண்டையைப் பிளக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முளையைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்தார்.

"இந்தக் கயித்துக்கு எண்ணூறுதான் உச்சி" என்றார் மூச்சு வாங்க. "அதுக்கு ஒரே பந்தல்தான். எண்ணூறுக்குக் கீழ எத கேட்டாலும் ரெண்டு நிக்குது."

"எண்ணூத்தம்பது கேட்டா?"

"பிரம்மா வந்தாலும் ஆவாது!"

"இதைத்தான் நான் போர்டுல போட்டேன்" என்றாள் அம்சவள்ளி.

"நீ போட்ட. நான் கண்டுபிடிச்சேன்" என்றார் அவர்.

ஆக, துணியில் திருட்டு இல்லை. ஆனால் விருத்தாசலத்தின் மனசு அதோடு ஆறுகிற மனசா? இரண்டு பந்தல் உண்டு, சரி. வசதியானதை விட்டுவிட்டு ஒல்லியானதை ஏன் போட்டான்? கேட்டபோது ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றான்? அதற்குக் கயிறு பதில் சொல்லாது.

முண்டியம்பாக்கத்தில் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே நடராசன் சம்சாரம் இட்லிக் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடராசன் வாசலில் உட்கார்ந்து கடப்பாரை முனையைத் தீட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னான்.

"சரக்கு சரியா கீது" என்றார் விருத்தாசலம்.

"தெரியும்."

"பதினஞ்சடி ஆழத்துக்கு ஏன் போட்ட? அத மட்டும் சொல்லு."

நடராசன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். "இருவத்தஞ்சுக்குத்தாண்ணே குழி தோண்டினேன். நடுக் கம்பத்துக்குக் கடப்பாரை போட்டா டங்குன்னுச்சு. மண்ணத் தள்ளிப் பாத்தா கான்கிரீட்டு மூடி. கக்கூஸ் தொட்டி. பொண்ணு மாப்பிள்ளைய அது மேலயா உக்கார வைக்கறது? அதுக்கு இந்தப் பக்கமா இழுத்துப் போட்டேன். அருள்ராணி அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. 'யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க தம்பி, சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா கை நனைக்காம எழுந்துடுவாங்க'ன்னாங்க. விடமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். நீங்க வந்து நடுப்பந்தியில கேக்கறீங்க. நான் இன்னான்னு சொல்றது?"

விருத்தாசலம் கடப்பாரையை வாங்கி முனையைத் தடவிப் பார்த்தார். "என் காதுல மட்டும் சொல்லியிருக்கலாமே?"

"உங்க காதுல சொன்னா உங்க வாய் சும்மா இருக்குமாண்ணே? தொட்டிய நேர்ல பாக்கணும்னு மூடியத் தூக்கச் சொல்வீங்க."

உள்ளே இருந்து அவன் சம்சாரம் சிரித்த சத்தம் கேட்டது.

"வா, போலாம்" என்றார் விருத்தாசலம். சாவியை எடுத்து நீட்டினார்.

நடராசன் வாங்கவில்லை. "சுப்பராயலு ஆள் அனுப்பிச்சார். இன்னும் பதில் சொல்லல. உங்ககிட்ட வர்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. ஆனா அத்தினி பேர் முன்னால திருடன்னீங்க. எங்க ஊர்க்காரன் ரெண்டு பேர் என்னப் பாத்தா இப்ப பேச்ச நிறுத்தறான். அதே சனத்துக்கு முன்னால இல்லன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அக்னசுக்கு மறுவீட்டு விருந்து. எல்லாரும் வருவாங்க. ஆனா ஒண்ணு, தொட்டிப் பேச்சு வரக்கூடாது. நான் குடுத்த வாக்கு."

தப்பு என்று சபையில் சொல்வது விருத்தாசலத்துக்குப் பழக்கமில்லாத வேலை. தொட்டியைச் சொல்லாமல் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை அவர் கயிற்றுக் கட்டோடு போய் இறங்கினார். நடராசன் கேட் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பந்தல் இல்லாத காலி இடத்தில் மேசை போட்டுச் சனம் உட்கார்ந்திருந்தது. விருத்தாசலத்தைப் பார்த்ததும் சாரின் முகம் மறுபடி இறுகியது.

"எல்லாரும் கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்றார் விருத்தாசலம். "அன்னிக்கு இங்க ஒரு வார்த்த சொன்னேன். பந்தல்ல திருட்டுன்னு. இந்தா, எம்பது அடிக் கயிறு. யார் வேணா அளந்துக்கங்க."

மண்டிச் சுவரிலிருந்து கயிற்றை இழுத்தார். பதினைந்து, ஐம்பது, பதினைந்து. "இது நடராசன் போட்டது." அவிழ்த்தார். மறுபடி இழுத்துக்கொண்டு நடந்தார், இருபத்தைந்துக்கு. அருள்ராணி அம்மா கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. விருத்தாசலம் காலடி வைத்த இடத்தில் தொம்மென்று ஒரு சத்தம். மனுசன் சட்டென்று அதன் மேலேயே கெட்டியாக நின்றுகொண்டு, குரலை இரண்டு மடங்கு உயர்த்தினார். "இது நான் மனசுல போட்டது! ரெண்டுக்கும் அதே துணி, அதே கீத்து! சார், நீங்களே சொல்லுங்க, இதுல எத தள்ளணும்?"

அடைக்கலராஜ் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். உதடு அசைந்தது. மனசுக்குள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். "ரெண்டும் பொருந்துது" என்றார். "தள்ள ஒண்ணும் இல்ல."

"கேட்டுக்கங்க! ஒரே துணியில ரெண்டு பந்தல் நிக்கும். எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சிருந்துது. என் மேஸ்திரிக்கு ரெண்டும் தெரிஞ்சிருந்துது. அவன் மேல ஒரு தூசு இல்ல. சொன்னது என் தப்பு." கடைசி இரண்டு வார்த்தை மட்டும் கொஞ்சம் சன்னமாக வந்தது. ஆனால் வந்தது. முண்டியம்பாக்கத்து ஆட்கள் திரும்பி நடராசனைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "எல்லாம் சரிய்யா. ரெண்டும் ஒண்ணுதான்னா, தாராளமா உக்கார்ற பந்தல விட்டுட்டு அந்த ஒடுக்கலானத ஏன் போட்டாரு?"

எவன் இவன், சுப்பராயலு ஆளாயிருப்பானோ என்று விருத்தாசலத்துக்கு ஒரு கணம் ஓடியது. காலுக்கடியில் தொட்டி.

"போட்டோக்காரர் சொன்னாருங்க" என்றான் நடராசன், கேட்டிலிருந்தே. "மேடை நீளமா இருந்தா ரெண்டு வீட்டு சனமும் ஒரே படத்துல நிக்கலாம்னாரு."

"அதான பாத்தேன்" என்றார் தாய்மாமன். "படம் நல்லாத்தான் வந்திருக்கு." அப்பளத்தை நொறுக்கிக்கொண்டார். அருள்ராணி அம்மாவின் கரண்டி இறங்கியது.

அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. பொய் எந்த மூலையில் இருந்தாலும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டே ஆளான விருத்தாசலம், "ஆமா, அவர் சொன்னத நான்கூடக் கேட்டேன்" என்றார்.

விருந்து முடிந்து வெளியே வந்தபோது நடராசன் கையை நீட்டிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். கயிற்றுக் கட்டை வண்டியின் முன்னால் வைத்து, உதைத்துக் கிளப்பினான். விருத்தாசலம் ஏறவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணே?"

"கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள இவ்ளோ சுளுவா ஒரு பொய் சொல்றியேடா. பதினஞ்சு வருசத்துல என்கிட்ட எத்தினி சொல்லியிருப்ப?"

நடராசன் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினான். "ஜல்தி ஏறுங்கண்ணே, மழை வருது."

விருத்தாசலம் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.